நாலாம் பலகையும் செந்துறை இலக்கிய அணியும்

எங்கள் சங்க வாசலில் ஒரு சிவப்புப் பெட்டி தொங்குகிறது. 'முறைப்பாடுகள்' என்று அதில் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும். அதற்குள் முறைப்பாடு விழுந்து பதினொரு வருடம். முதலில் போட்டவர்களுக்குப் பதில் போகவில்லை. பதில் போகாததால் போடுவதை விட்டார்கள். போடுவதை விட்டதால், தொழிலாளருக்கு இப்போது குறையேதும் இல்லை என்று ஆண்டறிக்கையில் எழுதினோம். எழுதினவன் நான்தான். என் பெயர் அஸீம். திருகோணமலை வடகரைப் படகுத் தொழிலாளர் ஐக்கிய சங்கத்தில் கூட்டக்குறிப்பு எழுதுகிறவன்.

பெட்டி சும்மா தொங்குவானேன் என்று சங்கத்தின் கலைப் பிரிவு அதைப் பொறுப்பெடுத்தது. பிரிவின் பெயர் செந்துறை இலக்கிய அணி. அணி நடத்தும் சஞ்சிகைக்குக் கவிதை எழுதுகிறவர்கள் அந்தப் பெட்டியில் போடலாம் என்று தீர்மானமாயிற்று. வெள்ளை எழுத்தை அழிக்க மட்டும் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அதற்குள் எது விழுந்தாலும் அது கவிதைதான். ஒருமுறை தபால்காரர் ஒரு கலியாண அழைப்பிதழைப் போட்டுவிட்டுப் போனார். நடுத்தர வர்க்க மனோபாவம் கொண்டது என்று அது நிராகரிக்கப்பட்டது. கலியாணத்துக்கும் ஒருவரும் போகவில்லை. மாப்பிள்ளை எங்கள் பொருளாளரின் மகன். பொருளாளர் மட்டும் ஒளித்துப் போய் வந்தார்.

இனி இறங்குதுறைக்கு வருகிறேன். உட்துறைமுகத்தில் எங்கள் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு மர இறங்குதுறை உண்டு. அக்கரை ஐஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றுகிற சங்கத்து லோஞ்ச் படகும் அங்கேதான் வந்து நிற்கும். அந்த லோஞ்சில் கயிறு போடுகிறவர் றுவைஸ், கிண்ணியாக்காரர். பள்ளிக்கூடம் விட்ட பிறகு கவிதை என்று ஒன்றை வாசித்ததாக அவருக்கு ஞாபகமில்லை. அதனால் ஒரு குறையும் இல்லாமல் இருந்தார்.

இறங்குதுறையின் நாலாம் பலகை கள்ளப் பலகை. ஒரே ஆணியில் நிற்கிறது. மிதித்தால் கவிழும். காலை எடுத்தால் பழையபடி வந்து படுத்துக்கொள்ளும். பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் கீழே பார்த்துத் தாண்டிப் போவார்கள். பாலையூற்று றோஸ் அக்காவுக்கு அது ஏலாது. தொழிற்சாலை ஆட்களுக்கு நாற்பது சோற்றுப் பார்சல் கொண்டு போகிறவர் அவர். பெரிய கூடையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தால் தன் கால் தனக்குத் தெரியாது. அதனால் அவர் துறையில் ஏறியதும் றுவைஸ் லோஞ்சில் நின்று சத்தம் போடுவார்: "றோஸ் அக்கா, நாலாவது!" அவர் எண்ணி, எட்டிக் கால் வைத்துக் கடப்பார்.

"நான் வராத நாளையில என்ன செய்வீங்க?" என்று ஒருநாள் கேட்டார் றுவைஸ்.

"அந்தோனியார் பாத்துக்கொள்ளுவார்," என்றார் றோஸ் அக்கா. பிறகு கொஞ்சம் யோசித்து, "அவருக்கும் ஆயிரம் சோலி இருக்கும். நீ சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதன் தம்பி," என்றார்.

றுவைஸ் எழுதினார். லோஞ்சில் கடதாசி இல்லை. டிக்கெட் சுருளில் ஒரு முழம் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினார். சுருள் நாலு விரல் அகலம்தான். மூன்று நாலு சொல் எழுதினால் வரி முடிந்துவிடும்.

தலைவருக்கு
நாலாம் பலகை ஆடுது
மூன்று ஆணி இல்லை
இருக்கிற ஒன்றும் துரு
மிதித்தால் கீழே கடல்
றோஸ் அக்கா கூடையோடு வருவா
தன் கால் தனக்குத் தெரியாது
ஆராவது விழமுதல்
ஒரு பலகை தாங்கோ
இப்படிக்கு
றுவைஸ்

அதை மடித்துச் சிவப்புப் பெட்டியில் போட்டார். முறைப்பாடு என்று எழுதிய பெட்டியில் முறைப்பாட்டைப் போட்டது அவர் செய்த பிழை.

மாதத்தின் முதல் ஞாயிறு அணி கூடியது. தலைவர் தோழர் பஸ்தியாம்பிள்ளை. சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், அணிக்கும் அவர்தான் தலைவர். ஆனால் ஒரு கதிரையில் இருக்கும்போது மற்றக் கதிரையை நினைக்கமாட்டார். அது கொள்கை. எழுபது வயதுக்கும் தளராத குரல், சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனை. டிக்கெட் சுருளை விரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, எழுந்து நின்று வாசித்தார். 'இப்படிக்கு றுவைஸ்' என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது.

"தோழர்களே, நாப்பது வருசமா நான் காத்திருந்த கவிதை இது. உழைக்கிற ஒருவன் டிக்கெட் துண்டில எழுதியிருக்கிறான். 'தலைவருக்கு' எண்டு துவங்கிறான். எந்தத் தலைவருக்கு?"

"உங்களுக்குத்தான் தோழர்," என்றேன் நான். "இது கடிதமாக்கும்."

"அஸீம், நீங்கள் குறிப்பை மட்டும் எழுதுங்கோ."

எழுதினேன். வாயை மூடிக்கொண்டு எழுதினேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டாம் முறையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த மாதம் கவிஞர் அழைக்கப்பட்டார். பலகை கிடைக்கப்போகிறது என்று நம்பி றுவைஸ் வந்தார். நாலாம் பலகையின் நீளத்தையும் அகலத்தையும் ஒரு வலை நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு, பையில் கொண்டுவந்திருந்தார். அவரை முன்வரிசைக் கதிரையில் இருத்தி, கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டைப் போட்டார்கள். அவர் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

முதலில் பேசியவர் உப்புவெளித் தோழர் சுகந்தன். விமர்சகர். ஒரு கவிதையைப் பாராட்டினால் தன் தரம் இறங்கிவிடும் என்று அஞ்சுகிறவர். பதினொரு பக்கம் எழுதிவந்து வாசித்தார். "'இப்படிக்கு' எண்ட ஒரு சொல்லைத் தனி வரியா நிப்பாட்டியிருக்கிறார். இந்தத் துணிச்சல் எங்கட மொழியில புதுசு. வரியை ஏன் இங்க உடைச்சனீங்கள் எண்டு கவிஞர் சொல்லவேணும்."

"கடதாசி முடிஞ்சுது," என்றார் றுவைஸ்.

"அற்புதம்," என்று சுகந்தன் எழுதிக்கொண்டார்.

பஸ்தியாம்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. அவர் உள்ளடக்கக் கட்சி. "வடிவம் கிடக்கட்டும். எனக்கு ஒரு மனத்தாங்கல். கவிதையில ஏன் சூரியன் உதிக்கேல்ல?" எங்கள் அணியில் அது ஒரு வழக்கம். கவிதை எந்தச் சந்தில் தொடங்கினாலும் முடிவில் சூரியன் உதித்துவிட வேண்டும். போன இதழில் பதினான்கு கவிதை, பதினான்கு சூரியன்.

"நான் எழுதினது பின்னேரம் நாலரைக்கு, தோழர்."

"சரி. எதிரி ஆர்? பலகையின்ர ஆணியைப் பிடுங்கினவன் ஆர்? அதையும் நீங்கள் சொல்லேல்ல. நான் சொல்லுறன். இந்தத் துறைமுகத்தை வெள்ளைக்காரன் கைப்பற்றின அண்டைக்கே அந்த ஆணி கழண்டுபோச்சு!"

கைதட்டினார்கள். றுவைஸ் கையை உயர்த்தினார். "இல்ல தோழர், இந்தத் துறை எங்கட சங்கத்தின்ட. நீங்கதானே திறந்து வச்சீங்க? கல்லில உங்கட பேர் இரிக்கு."

பஸ்தியாம்பிள்ளை சிரித்தார். "படைக்கிறவனுக்குத் தன்ர படைப்பின்ர ஆழம் தெரியாது. அதைச் சொல்லத்தானே நாங்கள் இருக்கிறம்."

அப்போது பின்வரிசையில் மூதூர்த் தோழர் றம்ஸான் எழுந்தார். தொழிலாளரின் உலக அமைப்புகளான அகிலங்கள் நாலு என்றும், அவற்றில் நாலாவது ஒன்றே உண்மையானது என்றும் ஐம்பது வருடமாக நம்புகிறவர். மற்ற மூன்றைச் சேர்ந்தவர்களோடு தேநீர்கூடக் குடிக்கமாட்டார். முகம் சிவந்திருந்தது.

"நாலாவதுதான் ஆடுது எண்டு ஏன் எழுதினீர்? ஏன், மூண்டாவது ஆடலையோ?"

"மூண்டாவது நல்ல முதிரை மரப் பலகை நாநா," என்றார் றுவைஸ். "அது ஆடாது."

றம்ஸான் வெளிநடப்புச் செய்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பினது போல, ஒரு பலகை கேட்டு வந்தவர் சங்கத்தை இரண்டாக உடைத்துவிட்டு விழித்துக்கொண்டு நின்றார். பையிலிருந்து நூலை எடுத்து நீட்டி, "தோழர், பலகை?" என்றார்.

"பலகையைப் பற்றித்தானே ரெண்டு மணித்தியாலமாக் கதைக்கிறம்!" என்றார் பஸ்தியாம்பிள்ளை.

மூன்றாம் மாதம் கவிதை அச்சில் வந்தது. 'ஒரு பலகை தாங்கோ' என்பதில் பிச்சைக் குரல் கேட்பதாகக் கண்டு, 'எல்லாப் பலகையும் எமதே' என்று திருத்தியிருந்தார்கள். முடிவில் சூரியன் உதித்தது. ஒரு பிரதியை நானே கொண்டுபோய் லோஞ்சில் கொடுத்தேன். றுவைஸ் அதை றோஸ் அக்காவுக்கு வாசித்துக் காட்டினார்.

"இதில என்ட கூடை எங்க?" என்றார் றோஸ் அக்கா.

"எடுத்துப்போட்டாங்க அக்கா. நீங்க தனிநபராம். 'உழைக்கும் மகளிர்' எண்டு போட்டிரிக்கு."

"கூடை இல்லாட்டி நான் ஏன் விழுறன்? கீழ பாத்து நடப்பன்தானே?"

நாற்பது வருடத்தில் எங்கள் அணியில் இப்படி ஒரு விமர்சனம் வைக்கப்படவில்லை. அதை நான் குறிப்பில் எழுதவில்லை, ஏனென்றால் அவர் அங்கத்தவர் அல்ல.

றுவைஸுக்கும் ஒரு கட்டத்தில் பொறுமை போனது. கிண்ணியாவில் உடைந்த வள்ளம் ஒன்றிலிருந்து நல்ல பலகையாகப் பார்த்துக் கழற்றி, சுத்தியலும் ஆணியுமாக ஒரு சனிக்கிழமை துறைக்கு வந்தார். செய்தி எப்படியோ அணியின் வட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. இருபது நிமிடத்தில் முச்சக்கரவண்டியில் பஸ்தியாம்பிள்ளையும் சுகந்தனும் வந்து இறங்கினார்கள். ஒரு முறைப்பாட்டுக்கு எங்கள் தலைவர்கள் இவ்வளவு வேகமாக வந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"சுத்தியலைக் கீழ வையுங்கோ தோழர்," என்றார் பஸ்தியாம்பிள்ளை. குரலில் வேதனை இருந்தது. "ஒரு பலகையை மட்டும் மாத்திறதுக்கு என்ன பேர் தெரியுமோ? சீர்திருத்தவாதம். இண்டைக்கு நாலாவதை மாத்துவீங்கள். சனம் திருப்திப்பட்டுப் போயிடும். பிறகு முழுத் துறையையும் மாத்திறதுக்கு ஆர் எழும்புவினம்?"

"முழுத் துறையையும் எப்ப மாத்துவீங்க தோழர்?"

"சூழ்நிலை கனியவேணும்."

சுகந்தன் வேறு கோணத்தில் கவலைப்பட்டார். "இந்தப் பலகை இனி வெறும் பலகை இல்லை. ஒரு கவிதையின்ர பாடுபொருள். தை மாத இதழில என்ர கட்டுரையின்ர இரண்டாம் பகுதி வருகுது. அதுவரைக்குமாவது கை வைக்காதீங்கோ."

சங்கச் சொத்தில் அனுமதியில்லாமல் ஆணி அடிப்பது தனிநபர் சாகசவாதம் என்று எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். இன்னொரு முறை செய்தால் லோஞ்ச் வேலை போகும். றுவைஸின் பலகை சங்கக் கட்டடத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு, மேடையில் ஒலிவாங்கிக்கு உயரம் போதாதபோது அடியில் வைக்கப்பட்டது.

அடுத்த வாரம் மகளுக்குக் காய்ச்சல் என்று றுவைஸ் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. இரண்டாம் நாள் காலை றோஸ் அக்கா நாற்பது பார்சலோடு துறையில் ஏறினார். லோஞ்சில் நின்ற புது ஆள் தொலைபேசி பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவரும் சத்தம் போடவில்லை. பலகை கவிழ்ந்து, அவருடைய கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. இழுத்து எடுத்தபோது கணுக்கால் முறிந்து, தோல் உரிந்து, அவர் அழக்கூட ஏலாமல் வாயைத் திறந்தபடி இருந்தாராம். சோற்றுப் பார்சல்கள் கடலில் மிதந்தன. பலகை பழையபடி வந்து படுத்துக்கொண்டது.

அவசரக் கூட்டம் கூடியது. சுகந்தன் முதலில் எழுந்தார். "இவ்வளவு நாளும் கவிதை யதார்த்தத்தைப் பிரதிபலிக்குது எண்டு நினைச்சம். இல்லைத் தோழர்களே! யதார்த்தம் கவிதையைப் பிரதிபலிச்சிருக்கு!"

றுவைஸ் கதவடியில் நின்றார். இந்த முறை கதிரையில் இருக்கவில்லை. "நான் கவிதை எழுதல்ல தோழர்," என்றார். "பலகை கேட்டனான். ஒரு பலகை. அந்த மனிசி ஆஸ்பத்திரியில கிடக்கு. இனி ஆறு மாசத்துக்கு நடக்க ஏலாதாம். இதில உங்களுக்கு என்ன விளங்கல்ல?"

பஸ்தியாம்பிள்ளை எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"இந்தக் கோபம் நல்லம் தோழர். அடுத்த கவிதையில போடுங்கோ."

நான் குறிப்பில் 'றோஸ் அக்காவின் கால் முறிந்தது' என்று எழுதினேன். தலைவர் சிவப்புப் பேனையால் அதை வெட்டி 'வர்க்க முரண்பாடு கூர்மையடைந்தது' என்று திருத்தினார். கீழே நான் கையெழுத்து வைத்தேன். அன்று வீட்டுக்குப் போய் மனைவி போட்ட தேநீரைக் குடிக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. இதற்கு வேறு சொல் எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் றோஸ் அக்காவைப் பார்த்துவிட்டு வந்த றுவைஸ் நாலாம் பலகையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைத்தார், கழுத்தில் போட்டார்களே, அதே துண்டுதான்.

கூட்டத்தின் தீர்மானப்படி, கவிதை பிறந்த இடத்திலேயே களஅரங்கு ஒன்று நடந்தது. ஞாயிறு காலை பத்து மணி. கரையில் கூடாரம், ஒலிபெருக்கி, 'பலகையும் பாட்டாளியும்' என்று பதாகை. பதாகை கட்டும்போது சிவப்புத் துணி ஒரு முழம் குறைந்தது. தொண்டர் ஒருவர் துறையில் கட்டியிருந்த துண்டைக் கண்டு அவிழ்த்துவந்து மூலையில் முடிச்சுப் போட்டுவிட்டார். பதாகை எடுப்பாக இருந்தது.

ஐஸ் தொழிற்சாலை ஆட்கள் அறுபது பேரளவில் வந்திருந்தார்கள். அவர்களுக்கு மத்தியில் மாவுக்கட்டுப் போட்ட காலை இன்னொரு கதிரையில் நீட்டிக்கொண்டு றோஸ் அக்கா இருந்தார். அவரையும் மேடைக்கு அழைத்தார்கள். "ஏறுற கால் உங்கட துறைக்குள்ள போயிட்டுது," என்று சொல்லிவிட்டார். கவிஞர் பின்னணியில் தெரிய வேண்டும் என்று றுவைஸை லோஞ்சில் நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

பஸ்தியாம்பிள்ளை முக்கால் மணித்தியாலம் பேசினார். பிறகு, கவிதையைப் பலகைமேல் நின்றே வாசிக்கப்போவதாக அறிவித்து, ஒலிவாங்கியுடன் துறையில் ஏறினார். முகம் வானத்தைப் பார்த்திருந்தது. வரிக்கு ஓர் அடி.

"தலைவருக்கு!" முதலாம் பலகை.

"நாலாம் பலகை ஆடுது!" இரண்டாம் பலகை.

"மூன்று ஆணி இல்லை! இருக்கிற ஒன்றும் துரு!" மூன்றாம் பலகை. நல்ல முதிரை. ஆடவில்லை.

துணியைக் காணாமல் றுவைஸ் திடுக்கிட்டார். "தோழர், நாலாவது!" என்று கத்தினார்.

பஸ்தியாம்பிள்ளை நின்றார். முகம் மலர்ந்தது. "கேட்டீங்களோ? தொழிலாளி திருப்பிச் சொல்லுறான்!" காதுக்குப் பின்னால் கையை வைத்து, கரையைப் பார்த்து, "எல்லாரும் சொல்லுங்கோ!" என்றார்.

"நாலாவது!" என்று றோஸ் அக்கா கதிரையில் இருந்தபடி அலறினார். தலைவரை மன்னிக்கிறது அந்தோனியாரின் வேலை. ஆனால் அந்த மனிதனை விழவிட றோஸ் அக்காவுக்கு மனம் வரவில்லை. "நாலாவது! நாலாவது!" என்று அறுபது பேரும் எழுந்து நின்று கத்தினார்கள். பலர் கையையும் காட்டினார்கள். ஒரு அரசியல் கவிதையை இவ்வளவு சரியாக விளங்கிக்கொண்ட வாசகர் கூட்டத்தை நான் கண்டதேயில்லை. தலைவர் வாழ்நாளில் இப்படி ஒரு வரவேற்பைப் பெற்றதில்லை. கண் கலங்கிவிட்டது. மடக்கிய கையை உயர்த்தினார்.

"மிதித்தால் கீழே கடல்!" என்று சொல்லி மிதித்தார்.

ஒலிவாங்கி தண்ணீருக்குள் போனபோது ஒலிபெருக்கியில் ஒரு சத்தம் வந்தது. சுகந்தன் அதையும் எழுதிக்கொண்டார்.

அன்று மாலையே சங்க நிர்வாகக் குழு கூடியது. ஐந்து நிமிடம். என் சேவைக்காலத்தில் இவ்வளவு சின்னக் குறிப்பை நான் எழுதியதில்லை. மறுநாள் காலை தச்சர் வந்தார். றுவைஸின் முடிச்சுப் போட்ட நூலை வாங்கி அளந்தார், மேடைக்கு அடியில் கிடந்த கிண்ணியாப் பலகையை எடுத்து அரிந்தார், நாலு ஆணி அடித்தார். தேநீர் ஆறமுதல் வேலை முடிந்தது.

ஒரு வாரத்தில் றுவைஸுக்குக் கடிதம் வந்தது. அடிபட்ட காலோடு கட்டிலில் இருந்து பஸ்தியாம்பிள்ளை சொல்லச் சொல்ல எழுதியவன் நான்தான். பலகை மாற்றப்பட்டுவிட்டதால் கவிதையின் புறநிலை அடித்தளம் அற்றுப்போய்விட்டது என்றும், அது இனி மக்களைக் குழப்பக்கூடும் என்றும், அடுத்த இதழில் திரும்பப் பெறப்படும் என்றும் அதில் இருந்தது. நேரில் கொடுக்கத் துறைக்குப் போனேன்.

றோஸ் அக்கா ஊன்றுகோலோடு வந்து புதுப் பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தை றுவைஸ் வாசித்தார். மடித்துப் பைக்குள் வைத்தார். றோஸ் அக்கா இன்னும் இரண்டடி போய் ஊன்றுகோலால் குத்தினார். பலகை ஒரு பக்கம் கிளம்பி, பழையபடி படுத்தது.

"ஆறாவதும் ஆடுது தம்பி."

றுவைஸின் கை தன்பாட்டில் டிக்கெட் சுருளுக்குப் போனது. றோஸ் அக்கா ஊன்றுகோலால் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"ஒண்டும் எழுதாத. தலைவர் சுகமாகி வரட்டும். ஒரு கூட்டம் வை."

நான் அன்றைக்கே ஒலிபெருக்கிக்குச் சொல்லிவைத்தேன்.